பழைய கார் தேடலை ஏஐ ஏஜென்ட்டிடம் ஒப்படைப்பதற்குள் பட்ட பாடு

ஒருவழியாக வேலை செய்கிறது. "ஆட்டோமேட்டிக் வேண்டும், 1,00,000 கிலோமீட்டருக்குள் ஓடியிருக்க வேண்டும்" என்று கேட்டால் ஏஜென்ட் டீலர்களின் ஸ்டாக்கில் தேடி, நிஜமாகவே விற்பனைக்கு இருக்கிற கார்களை மட்டும் எடுத்துத் தருகிறது. இதற்குள் நான் பட்ட பாட்டை எழுதி வைத்தால் இதே வேலையில் இறங்கப் போகிறவர்களுக்கு அலைச்சல் குறையும்.

எங்கள் தேடல் கருவியை ஏஜென்ட்டோடு இணைக்கும் பகுதி சுலபம். ஏஐ நிறுவனமான ஆந்த்ரோபிக் 2024 நவம்பரில் எம்சிபியை (ஏஜென்ட்டை வெளிக் கருவிகளோடு இணைக்கும் பொது நெறிமுறை) வெளியிட்ட பிறகு அதற்கு எஸ்டிகே (ஆயத்த நிரல் தொகுப்பு) எல்லாம் வந்துவிட்டது, சீக்கிரம் முடிந்தது. ஒன்றே ஒன்று, எஸ்டிடிஐஓ (நிரலின் வழக்கமான உள்ளீடு, வெளியீட்டு வழிகள்) வழியாக ஓட்டினால், ஏஜென்ட்டுக்கான செய்தி போகும் எஸ்டிடிஅவுட்டில் ஒரு பிரிண்ட் வரிகூடப் போகக் கூடாது, லாக் முழுவதும் பிழைச் செய்திகளுக்கான எஸ்டிடிஎர்ருக்குத்தான் போக வேண்டும். இல்லையென்றால் இணைப்பு உடையும், ஏன் உடைந்தது என்றும் தெரியாது.

உயிரை வாங்கியது ஸ்டாக் தகவல் தரும் நிறுவனம். அவர்களுடைய ஏபிஐக்கு (ஒரு நிரல் இன்னொன்றிடம் தகவல் கேட்டு வாங்கும் வழி) கீ வாங்குவதற்கான படிவத்தில் "கார்கள் காட்டப்படும் இணையதள முகவரி" என்று ஒரு கட்டாயக் கட்டம். ஏஜென்ட்டுக்கு ஏது இணையதளம்? விளக்கி எழுதினால், முகவரி இல்லாத விண்ணப்பம் பரிசீலிக்கப்படாது என்று அதே பதில் திரும்பத் திரும்ப வருகிறது. கேள்வியை ஒருவரும் படிக்கவில்லை என்பது அதிலேயே தெரிந்தது. கடைசியில் காரியம் நடந்தது எப்படி என்றால், ஒரு நாளைக்கு எத்தனை கோரிக்கை வரும், தகவலை எவ்வளவு நேரம் சேமித்து வைப்போம், பயனருக்கு டீலரின் பக்கத்துக்கே லிங்க் கொடுப்போமா என்ற மூன்றையும் முதல் பத்தியிலேயே எழுதி அனுப்பினேன், அப்புறம்தான் வேறு ஒருவர் எடுத்துப் பார்த்து அனுமதி கொடுத்தார். அவர்களுக்குத் தெரிய வேண்டியது அவ்வளவுதான். நீங்கள் முதல் மெயிலிலேயே எழுதிவிடுங்கள்.

கீ வந்த பிறகுதான் பெரிய இடி. ஏஜென்ட் "ஆட்டோமேட்டிக்" என்று ஃபில்டர் அனுப்புகிறது, ஏபிஐ 200 (கோரிக்கை வெற்றி என்பதற்கான குறியீடு) என்று பதில் தருகிறது, கார்களும் வருகின்றன, ஏஜென்ட்டும் "நீங்கள் கேட்டபடி இவை எல்லாமே ஆட்டோமேட்டிக்" என்று பயனரிடம் சொல்கிறது. திறந்து பார்த்தால் பாதி மேனுவல். விஷயம் என்னவென்றால், அந்த ஏபிஐ எதிர்பார்ப்பது அந்தச் சொல்லை அல்ல, அவர்களுக்குள் வைத்திருக்கும் ஒரு குறியீட்டு எண்ணை. தெரியாத மதிப்பு வந்தால் பிழை சொல்லாமல் ஃபில்டரையே தூக்கிப் போட்டுவிட்டு மொத்த ஸ்டாக்கையும் அனுப்புகிறது. எந்த ஆவணத்திலும் இது இல்லை. கேட்டதற்கு, "200 வருகிறது, எங்கள் பக்கம் சரியாக இருக்கிறது" என்று டிக்கெட்டை மூடினார்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை. மனிதர் ஒருவர் திரையைப் பார்த்தால் உடனே கண்டுபிடித்துவிடுவார், ஏஜென்ட் வந்ததை அப்படியே நம்பும், நம்பியதை உறுதியாக வேறு சொல்லும்.

அதனால் இப்போது எங்கள் கருவி யாரையும் நம்புவதில்லை. கருவிக்கு என்ன மதிப்பு அனுப்பலாம் என்று வரையறுக்கும் ஜேசன் ஸ்கீமாவில் கியர், எரிபொருள், பாடி வகை எல்லாவற்றுக்கும் அனுமதிக்கப்பட்ட மதிப்புகள் மட்டுமே. வரும் ஒவ்வொரு காரையும் கேட்ட நிபந்தனையோடு நாங்களே மறுபடி ஒத்துப் பார்க்கிறோம். எந்த ஃபில்டர்கள் உண்மையில் செயல்பட்டன என்று பதிலிலேயே எழுதி அனுப்புகிறோம். தவறான மதிப்பு வந்தால் "இது செல்லாது, இவற்றில் ஒன்றைக் கொடு" என்று கருவியின் பதிலாகவே பிழை போகிறது. அதைப் படித்துவிட்டு ஏஜென்ட் தானே திருத்திக்கொண்டு மறுபடி தேடியதைப் பார்த்த அன்றுதான் எனக்கு நிம்மதி வந்தது.

விலையிலும் கோளாறு. "விலைக்கு அழைக்கவும்" என்று டீலர் போட்டால் ஏபிஐயில் 0 வருகிறது. மலிவானதை முதலில் காட்டு என்றால் இவைதான் வரிசையாக மேலே வந்து நிற்கும். 0 வந்தால் விலை குறிப்பிடப்படவில்லை என்று மாற்றி, வரிசையில் கடைசிக்குத் தள்ளுங்கள். ஓடிய தூரத்துக்கு அலகு இருக்கிறதா என்றும் பாருங்கள், எண் மட்டும் வந்தால் மைலா கிலோமீட்டரா என்று எழுதி வாங்குங்கள். 60,000 மைல் என்பது ஏறத்தாழ 96,500 கிலோமீட்டர், வாங்குபவரின் முடிவே மாறிவிடும்.

ஒரே கார் வெவ்வேறு விளம்பர எண்ணில் திரும்பத் திரும்ப வரும். அதைப் பிடிக்க ஒவ்வொரு வண்டிக்கும் உரிய அடையாள எண்ணான விஐஎன்தான் வழி, எழுத்தும் எண்ணுமாக 17 இடம். அதில் ஆங்கில ஐ, ஓ, க்யூ மூன்றும் வரவே கூடாது, ஆனால் பூஜ்யத்துக்குப் பதில் ஓ என்று தட்டியவை நிறைய இருக்கின்றன, முதலில் அவற்றைத் திருத்திவிட்டு ஒப்பிடுங்கள். 9ஆவது இடத்தில் உள்ள சரிபார்ப்பு எண்ணை வைத்து எல்லாக் கார்களையும் சோதிக்க வேண்டாம். வட அமெரிக்கா, சீனா போன்ற இடங்களில்தான் அது கட்டாயம், ஐரோப்பியக் கார்களில் பல அந்தக் கணக்கில் தேறாது, நல்ல விளம்பரங்களைத் தூக்கி எறிந்துவிடுவீர்கள்.

டீலர் எழுதும் விவரணை தனித் தலைவலி. "ஒரே ஓனர், விபத்தே கிடையாது" என்று அவர் எழுதியதை ஏஜென்ட் சோதித்துப் பார்த்த உண்மை போலச் சொன்னது. இப்போது அந்தப் பகுதி "விற்பனையாளர் சொல்வது" என்ற தலைப்பில் தனியாகப் போகிறது. அதற்குள் ஏஜென்ட்டுக்கே கட்டளையிடுவது போல யாராவது எழுதி வைத்தால் அதையும் வெறும் விளம்பர வாசகமாகவே எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறோம். இதனால் ஆபத்து முழுதாகப் போய்விடாது. ஆனால் இந்தக் கருவியால் தேட மட்டும்தான் முடியும், முன்பதிவோ பணமோ இதன் கையில் இல்லை.

முழு விளம்பரத்தையும் படங்களின் லிங்க்கோடு அனுப்பாதீர்கள், டோக்கன் (ஏஐ படிக்கும் உரையை அளக்கும் அலகு) எல்லாம் அதிலேயே தீர்ந்துவிடும். தேடலுக்குப் பத்துப் பத்துக் கார், முக்கியமான புலங்கள், மொத்த எண்ணிக்கை, அவ்வளவு போதும். முழு விவரத்துக்கு வேறு கருவி. அந்த இரண்டாவது கருவி காரை ஏபிஐயில் மறுபடி பார்த்துவிட்டுத்தான் பதில் தரும், விற்றுப்போன கார் பயனரிடம் போவது அப்படித்தான் குறைந்தது.

அந்தக் குறியீட்டு எண்களின் பட்டியல் மட்டும் அவர்களுடைய ஆவணத்தில் இன்றுவரை இல்லை. கேட்டால் மெயிலில் அனுப்புகிறார்கள், கீ கையில் வந்த உடனே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.