ரியாக்டிவ் கட்டணம்: எடுத்தால் செலவு, கொடுத்தால் வரவு இல்லை

உடுமலைப்பேட்டைப் பக்கம் எங்கள் குடும்பத்துக்கு 225 கிலோவாட் காற்றாலை ஒன்று இருக்கிறது. பழைய இண்டக்‌ஷன் ஜெனரேட்டர். மின்சாரம் தருவதற்கு முன் தன் காந்தப்புலத்துக்கான ரியாக்டிவ் மின்சாரத்தை (வேலை எதுவும் செய்யாமல், காந்தப்புலத்துக்காகப் போய்வரும் மின்சாரம்) இது கம்பியிலிருந்தே உறிஞ்சியாக வேண்டும். அப்படி உறிஞ்ச உறிஞ்ச, அந்தத் தடத்தின் மின்னழுத்தம் இறங்கும். அதைத் தடுக்கத்தான் தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் கட்டணம் வைத்தது: உறிஞ்சியது உற்பத்தியில் 10 சதவீதம் வரை இருந்தால் ரியாக்டிவ் யூனிட்டுக்கு 25 காசு, அதைத் தாண்டினால் 50 காசு.

ஆடிக் காற்றில் இது கண்ணில் படுவதில்லை. கார்த்திகை, மார்கழியில்தான் உறைக்கும். உற்பத்தி படுத்துவிடும், காந்தப்புலத்துக்கான தீனியோ குறையாது.

மாதக் கணக்கில் 50 காசு விகிதமே தொடரவும், பராமரிப்பு ஆளோடு போய்க் கெபாசிட்டர் பேனலைத் திறந்தேன். ரியாக்டிவ் மின்சாரத்தைக் கம்பியிலிருந்து எடுக்காமல் அங்கேயே தருவதுதான் கெபாசிட்டரின் வேலை. கருகிய வாடை. இரண்டு கெபாசிட்டர்களின் மூடி உப்பியிருந்தது. அவற்றை இணைத்துப் பிரிக்கும் சுவிட்சான கான்டாக்டர் ஒன்றின் முனைகள் கரிபிடித்துத் தேய்ந்திருந்தன. வேடிக்கை என்னவென்றால், ஃபியூஸ்கள் அத்தனையும் நன்றாக இருந்தன. ஆகவே ஃபியூஸைப் பார்த்துத் திருப்திப்பட வேண்டாம். ஒவ்வொரு கெபாசிட்டர் தொகுதியும் இணையும்போது மூன்று பேஸிலும் கிளாம்ப் மீட்டர் வைத்து ஆம்பியரைக் குறிக்கச் சொல்லுங்கள். மூன்றும் சமமாக இல்லையென்றால் அந்தத் தொகுதி பெயருக்குத்தான் அங்கே இருக்கிறது.

பழுதானவற்றை மாற்றியதும் விகிதம் 25 காசுக்கு இறங்கியது.

ஆனால் கெபாசிட்டருக்கு ஒரு குணம் உண்டு. மின்னழுத்தம் 10 சதவீதம் விழுந்தால் அது தரும் ரியாக்டிவ் மின்சாரம் ஏறக்குறைய 19 சதவீதம் விழும். தேவைப்படும் நேரத்தில்தான் கைவிடும். இதற்குப் பதில் மின்னணுக் கருவி வைத்தால், காற்றே இல்லாத இரவிலும் தேவைக்கேற்ப எடுக்கும், கொடுக்கும். விலையைக் கேட்டதும் மலைப்பாக இருந்தது. கொடுப்பதற்கும் ஏதாவது கிடைத்தால் கட்டுபடியாகுமே என்று மின்வாரிய அலுவலகத்தில் விசாரித்தேன்.

"எடுத்ததற்கு வசூலிக்க ஆணை இருக்கிறது சார். கொடுத்ததற்கு எந்தத் தலைப்பில் உங்களுக்கு வரவு வைப்பேன்?" என்றார் அங்கிருந்த பொறியாளர். நியாயமான பதில். அவரிடம் சண்டை போட்டுப் பயனில்லை. கேட்க வேண்டிய இடம் ஆணையம். புதிய கட்டண ஆணைக்கு முன் அது பொதுமக்களின் கருத்தைக் கேட்கும். அப்போது எழுத்தில் கொடுத்தால் பதிவாகும்.

நான் எழுதியது இதுதான்: மாநிலங்களுக்கிடையிலான மின்தொகுப்பில், மின்னழுத்தம் அதன் இயல்பான அளவில் 97 சதவீதத்துக்குக் கீழே போகும்போது ரியாக்டிவ் மின்சாரம் தருபவருக்குப் பணம் உண்டு, எடுப்பவர் கட்ட வேண்டும், 103 சதவீதத்துக்கு மேல் போனால் தலைகீழ். அதே முறையை எங்கள் 22 கேவி தடத்துக்கும் கொண்டுவாருங்கள். வருடம் முழுக்க ஒரே விகிதம் வேண்டாம். தடத்துக்கு உதவிய நேரத்துக்கு மட்டும் கொடுத்தால் போதும்.

பதில் இன்னும் வரவில்லை. கருவியின் விலைப்புள்ளியைக் கோப்பில் வைத்திருக்கிறேன்.