ரேம் பத்தலையா? முதலில் மேப் ஃபைலைப் பாருங்கள்

பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டியில் மைக்ரோகன்ட்ரோலருக்கு சி எழுதிப் பிழைக்கிற நம்மாட்கள் வாயில் அடிக்கடி வரும் புலம்பல் "ரேம் பத்தலை". உடனே பெரிய சிப்புக்குப் போகலாமா, பஃபரைக் குறைக்கலாமா என்று மீட்டிங் போடுவார்கள். அதற்கெல்லாம் முன்னால், எந்த வேரியபிள் எந்த செக்ஷனில் (புரோகிராமைப் பிரித்து வைக்கும் பகுதிகளில் ஒன்று) போய் உட்கார்ந்திருக்கிறது என்று, லிங்கர் (ஆப்ஜெக்ட் ஃபைல்களை ஒன்றாகச் சேர்க்கும் கருவி) எழுதித் தரும் மேப் ஃபைலில் பார்த்துவிடுங்கள் என்பதுதான் என் கட்சி.

கம்பைலர் இதற்காக ரொம்ப மூளையைக் கசக்குவதில்லை, நாம் எழுதிய டெஃபினிஷனைப் பார்த்து முடிவு செய்கிறது. ஃபங்ஷன் என்றால் டெக்ஸ்ட் என்ற செக்ஷன். ஆரம்ப மதிப்போடு வரும் குளோபல் டேட்டாவுக்குப் போகும். மதிப்பே தராததும் பூஜ்யம் தந்ததும் பிஎஸ்எஸ். கம்பைலர் தரும் ஆப்ஜெக்ட் ஃபைலில் பிஎஸ்எஸ்ஸின் அளவு மட்டும்தான் இருக்கும், பைட்டுகள் இருக்காது. மாறாதது என்று கான்ஸ்ட் போட்டால் ரோடேட்டா, அதாவது படிக்க மட்டுமான டேட்டா. ஃபங்ஷனுக்குள் எழுதிய ஸ்டாட்டிக்குக்கும் இதே கணக்குதான், அது ஃபங்ஷன் முடிந்ததும் காலியாகும் ஸ்டேக்குக்குப் போகாது.

இதில் காசைத் தின்பது டேட்டா செக்ஷன். கார்டெக்ஸ் எம் (ஆர்ம் வகை மைக்ரோகன்ட்ரோலர்) மாதிரி சிப்பில் ஆரம்ப மதிப்புகள் பவர் போனாலும் அழியாத ஃப்ளாஷில் இருக்க வேண்டும், பவர் வந்ததும் ஸ்டார்ட்அப் கோட் அதை ரேமுக்கு காப்பி செய்யும், ஆக ஒரே பொருளுக்கு இரண்டு இடத்திலும் வாடகை. எங்கள் டீமில் ஓசூரிலிருந்து தினமும் பஸ் பிடித்து வரும் தம்பி ஒருவன் மேப் ஃபைலைப் பார்த்துவிட்டு, "அண்ணே, இந்த சிஆர்சி டேபிளை யாரும் மாத்துறதே இல்லையே, இது ஏன் ரேம்ல இருக்கு?" என்றான். டேட்டாவில் பிழை இருக்கிறதா என்று சோதிக்க உதவும் அந்த டேபிளில் 256 என்ட்ரி, ஒவ்வொன்றும் 4 பைட், மொத்தம் 1024 பைட். முன்னால் கான்ஸ்ட் என்று ஒரு வார்த்தை சேர்த்தோம், டேபிள் ஃப்ளாஷிலேயே தங்கிவிட்டது, அந்த 1 கேபி ரேம் அப்படியே திரும்பி வந்தது.

அடுத்து அவன் பிடித்தது எரர் மெசேஜ் பட்டியலை. அதில் ஏற்கெனவே கான்ஸ்ட் இருக்கிறதே என்று நாங்கள் சொன்னோம். இருக்கிறதுதான், ஆனால் கான்ஸ்ட் கேர் ஸ்டார் என்று எழுதினால் எழுத்துகள்தான் மாறாதவை, பாயின்டர்கள் மாறலாம், அதனால் ஸ்ட்ரிங் ரோடேட்டாவிலும் பாயின்டர் வரிசை டேட்டாவிலும் விழும். ஸ்டாருக்குப் பின்னால் இன்னொரு கான்ஸ்ட் போட்டால்தான் இரண்டும் ஃப்ளாஷிலேயே தங்கும். (லினக்ஸ் டெஸ்க்டாப்பில் பிஐஇ (எந்த முகவரியிலும் லோட் ஆகக்கூடிய புரோகிராம்) ஆக கம்பைல் செய்தால் அதே வரிசை டேட்டா.ரெல்.ரோ என்ற செக்ஷனுக்குப் போகும், ஏனென்றால் லோட் ஆகும்போது முகவரிகளைத் திருத்த வேண்டியிருக்கிறது.)

கான்ஸ்ட் எல்லா இடத்திலும் கைகொடுக்கும் என்று நம்பிவிடாதீர்கள். ஆர்டுயினோ ஊனோவில் இருக்கும் ஏடிமெகா328பி-யில் ரேம் 2 கேபிதான், அங்கே வெறும் கான்ஸ்ட் டேபிள் ரேமில்தான் இருக்கும், ஃப்ளாஷிலேயே வைக்கச் சொல்லும் ப்ரோக்மெம் போட வேண்டும்.

பழைய கோடை புது ஜிசிசி கம்பைலருக்கு மாற்றுகிறவர்களுக்கு ஒன்று. பல ஃபைல்கள் சேர்த்துக்கொள்ளும் ஹெடரில், எக்ஸ்டர்ன் (வேறிடத்தில் இருக்கிறது என்று சொல்லும் வார்த்தை) இல்லாமலும் ஆரம்ப மதிப்பு தராமலும் எழுதிய குளோபலை முன்பெல்லாம் காமன் என்று வைத்து லிங்கர் சத்தமில்லாமல் ஒன்றாக்கிவிடும். 2020-இல் வந்த ஜிசிசி 10-லிருந்து அது நேரே பிஎஸ்எஸ்ஸுக்குப் போவதால், லிங்க் செய்யும்போது மல்டிபிள் டெஃபினிஷன் எரர் வரும். நல்லதுதான், இதையே செய்யும் எஃப்நோ காமன் ஆப்ஷனை முன்பே ஆன் செய்திருக்க வேண்டும்.

செக்ஷன் ஆட்ரிபியூட் போட்டு நாமே இடம் சொல்லலாம், ஆனால் அதை ஊறுகாய் மாதிரி எல்லாவற்றுக்கும் தொட்டுக்கொள்கிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல். ஃப்ளாஷை அழிக்கும் ஃபங்ஷன் ரேமிலிருந்து ஓட வேண்டும் என்பது போன்ற நியாயமான காரணம் இருந்தால் சரி. ஃபங்ஷன்களுக்குத் தனித்தனி செக்ஷன் கொடுத்து, தேவையற்றதை லிங்கர் தூக்கும்படி ஜிசி செக்ஷன்ஸ் ஆப்ஷனை ஆன் செய்யும்போது மட்டும் இன்டரப்ட் வெக்டர் டேபிளை (இன்டரப்ட் வந்தால் எந்த ஃபங்ஷனுக்குப் போவது என்ற முகவரிப் பட்டியல்) கவனியுங்கள். கோடில் யாரும் அதைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, லிங்கர் ஸ்கிரிப்டில் 'இதைத் தூக்காதே' என்று சொல்லும் கீப் இல்லையென்றால் அதையும் வாரிப் போட்டுவிடும், போர்டு பூட்டே ஆகாது.