'ரோக்லைக்' என்ற சொல்லில் என்ன மிச்சம்?

செத்தால் முதலிலிருந்து ஆட வேண்டிய எந்த கேமுக்கும் இப்போதெல்லாம் 'ரோக்லைக்' என்று முத்திரை குத்திவிடுகிறார்கள். சீட்டாட்டம், துப்பாக்கிச் சண்டை, எதுவும் தப்பவில்லை.

சொல் வந்தது 1980இன் 'ரோக்' என்ற கணினி விளையாட்டிலிருந்து; 'ரோக் போன்றது' என்று பொருள். திரை முழுக்க எழுத்துக்குறிகள்தான். @ நீங்கள், ஆங்கிலப் பெரிய எழுத்துகள் அரக்கர்கள். நீங்கள் ஒரு கட்டம் நகர்ந்தால்தான் எதிரியும் நகரும். 2008இல் ரோக்லைக் உருவாக்குநர்கள் மாநாட்டுக்காகப் பெர்லினில் கூடியவர்கள் இதற்கு வரையறையே எழுதினார்கள்: ஒவ்வொரு முறையும் புது நிலவறை, நிரந்தர மரணம், முறைவைத்து ஆடுவது, கட்டம் கட்டமாக நகர்வது, இன்னும் சில. எல்லாமே இருந்தாக வேண்டும் என்று அவர்களும் அடம்பிடிக்கவில்லை. ரசிகர்கள் அந்த இடைவெளியில் லாரியே ஓட்டிவிட்டார்கள்.

குழப்பம் எங்கே என்றால், 'ரோக்'கில் செத்தபின் மிஞ்சுவது உங்கள் அனுபவம் மட்டும். மருந்துக் குப்பியின் நிறம்கூட அடுத்த ஆட்டத்தில் மாறிவிடும். போன தடவை காயம் ஆற்றிய நீலம் இந்தத் தடவை கண்ணைக் குருடாக்கலாம். இன்று வருபவற்றில் பலவும் செத்தபின் சேர்த்த காசில், எவ்வளவு அடி தாங்குவீர்கள் என்று காட்டும் உயிர்க்கோடு நீளமாகும்படி செய்துகொள்ள விடுகின்றன. இருபதாவது முயற்சியில் ஜெயித்தது உங்கள் திறமையா, நீண்ட கோடா? இப்படிப்பட்ட கேம்களுக்குத்தான் 'ரோக்லைட்' என்று தனிச்சொல் வந்தது. அதையும் இதோடு கலந்தடித்தாயிற்று.

வாங்குமுன் முத்திரையை நம்பாமல் இரண்டே கேள்வி கேளுங்கள்: செத்தபின் எது கூட வரும்? நான் யோசிக்கும்வரை எதிரி காத்திருப்பானா?