மூன்று கட்டை பல்பு

பள்ளியின் பழைய மாணவர் மலருக்கு எழுதச் சொன்னவர்கள் விளையாட்டு விழாவைப் பற்றியோ விடுதிச் சாப்பாட்டைப் பற்றியோ எதிர்பார்த்திருப்பார்கள். எனக்கு நினைவில் நிற்பது ஒரு ப்ளைவுட் பலகை. ஒன்றரை அடி நீளம், ஏழு சைக்கிள் பல்பு, ஏழு காலிங் பெல் சுவிட்ச். பிசிக்ஸ் லேபில் சோனாமீட்டருக்குப் பக்கத்தில் கிடக்கும். 1983க்குப் பிறகு படித்தவர்கள் பார்த்திருப்பீர்கள். எதற்கென்று யாரும் கேட்டிருக்க மாட்டீர்கள்.

கார்டு கற்றுக்கொள்வதற்கு. ரேஷன் கார்டு இல்லை, ஆர்மோனியத்தில் மூன்று கட்டையைச் சேர்த்து அமுக்கினால் வருமே, அந்தக் கார்டு.

நாங்கள் சேலத்தில் ஒன்பதாவது படிக்கும்போது ஏற்காட்டிலிருந்து ஒருவன் விடுதிக்கு வந்து சேர்ந்தான். மேலே அவன் ஊர் சர்ச்சில் கிட்டார் வாசிப்பவன். விடுதியில் கிட்டாருக்கு அனுமதி இல்லை. பள்ளியில் இருந்த ஒரே வாத்தியம் காலைப் பிரார்த்தனைக்கான ஆர்மோனியம். சாயங்காலம் மணி அடித்த பிறகு பிரார்த்தனை ஹாலில் அதை வைத்துக்கொண்டு தடவிக்கொண்டிருப்பான். கிட்டாரில் விரல் எங்கே போகும் என்று அவனுக்குத் தெரியும், அங்கே ஒலிப்பது என்ன சுரம் என்று தெரியாது. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட கதைதான். எங்களுக்கோ இளையராஜா பாட்டில் குரலுக்குப் பின்னால் நிரம்பி நிற்கிறதே, அது என்ன என்று தெரிந்தாக வேண்டும். சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு கட்டையைக் காட்டி, "இத அமுக்கிப் பாருடா" என்போம். சகிக்காது.

அந்தச் சத்தம் தாங்காமல்தான் பிசிக்ஸ் சார் உள்ளே வந்தார் என்று நினைக்கிறேன். அவருக்குப் பாட வராது. வாசிக்கவும் வராது. சாக்பீஸை எடுத்து, ஆர்மோனியக் கட்டைக்கு ஒன்றாகத் தரையிலேயே பன்னிரண்டு கோடு போட்டார். முழு எண் வெள்ளைக் கட்டை, அரை கறுப்புக் கட்டை. ஒரு கட்டை, ஒன்றரை, இரண்டு, இரண்டரை, மூன்று. மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் அரை கிடையாது. நாலு, நாலரை, ஐந்து, ஐந்தரை, ஆறு, ஆறரை, ஏழு. ஏழுக்கும் அடுத்த ஒன்றுக்கும் நடுவிலும் அரை கிடையாது.

"எங்க வேணா நில்லு. அங்கிருந்து நாலு வீடு தாண்டு, அப்புறம் மூணு வீடு தாண்டு. மேஜர். மூணு தாண்டி நாலு தாண்டினா மைனர். அவ்வளவுதான்டா."

தரையில் எண்ணிப் பார்த்தோம். ஒன்று, மூன்று, ஐந்து. நாலு, ஆறு, ஒன்று. ஐந்து, ஏழு, இரண்டு. ஆறிலிருந்து மைனர் போட்டால் ஆறு, ஒன்று, மூன்று. ஒரே வரிசையாக உட்கார வேண்டும் என்றுகூட இல்லை. நாலு, ஆறு, ஒன்றை ஒன்று, நாலு, ஆறு என்று வாசித்தாலும் "இடம் மாறி உக்காந்தா ஆள் மாறிடுமா?" என்றார். சங்கீதம் தெரியாத ஒருவர் சொல்லித்தான் எங்களுக்குக் கார்டு புரிந்தது. ஆனால் தரையில் புரிந்தது கைக்கு வரவில்லை. பாட்டு ஓடும்போது யார் நின்று எண்ணிக்கொண்டிருப்பது? அப்போதுதான், "பல்பு போட்டுக் காட்டினா?" என்று சார் தனக்குத்தானே கேட்டுக்கொண்டார்.

பல்பு, டைனமோ பின்விளக்குக்குப் போடுகிற சின்னது. 6 வோல்ட், 0.6 வாட். ஆர்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகளுக்குப் பின்னால் ஏழு பல்பும் நேர்நேராக வரும்படி பலகை. கோடியில் சுவிட்சுகள்: மூன்று மேஜர், மூன்று மைனர், ஐந்து கட்டை செவன்த் (நாலாவதாக இன்னொரு கட்டையும் சேரும் கார்டு) ஒன்று. சுவிட்சை அமுக்கினால் அந்தக் கார்டின் கட்டைகளுக்கு நேரே வெளிச்சம் வர வேண்டும். பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ரேடியோ சாமான் கடையில் பேட்டரிக்குப் பதிலாகப் போடும் 500 மில்லி ஆம்பியர் எலிமினேட்டர் வாங்கினோம். ஒரு வாரம் ஒயர் இழுத்தோம். சார் சுவிட்ச் போட, நான் ஒரு கட்டை மேஜரை அமுக்கினேன்.

ஏழு பல்பும் எரிந்தது. அதுவும் எண்ணெய் தீர்ந்த அகல் மாதிரி.

எந்த சுவிட்சை அமுக்கினாலும் அதே கதை. சார் தாடையைச் சொறிந்துகொண்டே ஒயரைப் பின்தொடர்ந்து பார்த்தார். ஒன்று, மூன்று, ஐந்துக்குப் போன கரண்டு அங்கேயே நிற்கவில்லை. ஒன்றும் மூன்றும் ஆறு கட்டை மைனரிலும் இருக்கிறார்கள் இல்லையா, அந்த ஒயரைப் பிடித்துக்கொண்டு ஆறுக்குப் போயிருக்கிறது. ஐந்தைப் பிடித்து ஏழுக்கும் இரண்டுக்கும் போயிருக்கிறது. ஒன்றைப் பிடித்து நாலுக்கு. மாமனுக்குப் பத்திரிகை வைத்தால் பங்காளி வழியாக ஊரே பந்தியில் உட்கார்ந்த மாதிரி. பல்பு ஒன்றுக்கு 100 மில்லி ஆம்பியர் என்றால் ஏழுக்கு 700. எலிமினேட்டர் எங்கே போகும்? மங்கிவிட்டது.

எங்கள் வீடு அம்மாபேட்டையில் தறி வீடு. அப்பா பட்டு நெய்தவர். தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டி, அதிலிருந்து தொங்கும் அட்டை மாலை. அட்டையில் ஓட்டை இருக்கிற இடத்து நூல் தூக்கும், ஓட்டை இல்லாத இடத்து நூல் தூக்காது. ஒவ்வொரு மிதிக்கும் ஓர் அட்டை. அதைப் பார்த்தே வளர்ந்தவன் என்பதால் வாயைத் திறந்தேன்: "ஒரு அட்டை எறங்கறப்ப பக்கத்து அட்டையோட நூல் தூக்காதுங்க சார்."

சார் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். இப்படி அவர் என்னைப் பார்த்தது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. 1804இல் பிரான்சில் ஜக்கார்டு செய்த காரியத்தை நாம் டையோடால் செய்யலாம் என்றார். டையோடு ஒரு பக்கம்தான் கரண்டை விடும், திரும்பி வர விடாது. கார்டுக்கு மூன்று வீதம் ஆறுக்குப் பதினெட்டு, செவன்த்துக்கு நாலு, மொத்தம் 22 டையோடு. பற்ற வைத்தது செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறை வீட்டுப் பையன். பொடி வைத்து ஊதிப் பழகிய கை, சார் வைத்ததைவிடச் சுத்தமாக ஈயம் வைத்தான். டையோடின் கறுப்பு உடம்பில் ஒரு முனையில் வெள்ளிக் கோடு இருக்கும், அது பல்பைப் பார்க்க வேண்டும். "எங்க வீட்டுச் சரக்கு" என்று அதைத் தடவிக் காட்டுவான். அப்படியும் இரண்டைத் தலைகீழாக வைத்துவிட்டான். அது அவனுக்கு இன்றும் பிடிக்காத பேச்சு.

அந்த முறை மூன்று பல்பு மட்டும் எரிந்தது.

பாட்டு வாத்தியாருக்கு இதெல்லாம் ஆகாது. ஆர்மோனியத்தையே அவர் வேண்டா வெறுப்பாகத்தான் தொடுவார். சுரத்தை அசைத்துக் குழைக்கிற கமகம் பிடிக்காத பெட்டி என்பார். ஆல் இந்தியா ரேடியோ 1940இல் தள்ளிவைத்து 1971 வரை உள்ளேயே விடவில்லையே என்று ஆதாரம் வேறு காட்டுவார். எங்கள் மூன்று பல்பைப் பார்த்து, "சுருதிக்கு ச, ப, ச போதும். நடுவுல காந்தாரம் எதுக்கு?" என்றார். ஒரு கட்டையை ச என்று வைத்தால் கார்டின் நடுக்கட்டைதான் காந்தாரம். நியாயமான கேள்வி. நம் சங்கீதத்தில் ராகம்தான் நடக்கும், கீழே சுருதி நிற்கும். மேஜர் என்றால் அந்தர காந்தாரம், மைனர் என்றால் சாதாரண காந்தாரம் என்று சுருதியிலேயே ஒன்றைப் போட்டுவிட்டால் ராகத்துக்கு நகர இடம் ஏது?

பிசிக்ஸ் சார் விடவில்லை. "தம்புராவுல காந்தாரத் தந்தி உண்டுங்களா ஐயா?"

"கிடையாது."

"காந்தாரம் கேக்குமா?"

பாட்டு வாத்தியார் சிரித்துவிட்டார். நன்றாகச் சேர்ந்த தம்புராவில் மந்தர சட்ஜத்தின் மேல்சுரங்களில் ஒன்றாக அந்தர காந்தாரம் தானாக எழும் என்பது அவருக்குத் தெரியாதா? ஒப்புக்கொண்டார். ஆனால் ஒரு குட்டும் வைத்தார்: "அந்தக் காந்தாரம் வேற, உங்க பெட்டி காட்டுற காந்தாரம் வேற. இது கொஞ்சம் தூக்கல்." உண்மைதான். ஒரே ஸ்தாயியில் வைத்துப் பார்த்தால் தம்புராவின் காந்தாரத்தின் அதிர்வெண் சட்ஜத்தைப் போல 1.25 மடங்கு. பன்னிரண்டு சம வீடாகப் பிரித்த ஆர்மோனியத்தில் நாலு வீடு தாண்டினால் 1.26 மடங்கு. அந்த மயிரிழையை சார் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்தார். வாத்தியார் காதாலேயே பிடித்திருந்தார். எங்கள் பல்பு இரண்டையும் ஒரே மாதிரித்தான் காட்டும்.

பலகையோடு ஒரு மாதம் போனதில் ஏற்காட்டுக்காரனுக்குக் கை ஓட ஆரம்பித்தது. இடது கை துருத்திக்குப் போய்விடுவதால் சுவிட்சுக்கு இன்னொரு ஆள் தேவை. அது நான். வாசித்ததைவிட நான் அமுக்கியதே அதிகம். ஆனால் ஒரு கோளாறை நாங்கள் யாருமே கவனிக்கவில்லை. அவன் பல்பைப் பார்த்து வாசித்தான். பல்பு எரிந்தால் விரல் போகும், எரியாவிட்டால் போகாது.

அது டிசம்பரில் ஏற்காட்டில் தெரிந்தது. அரையாண்டுத் தேர்வு முடிந்து, கிறிஸ்துமஸ் பாட்டுப் பயிற்சிக்கு அவன் ஊருக்குப் பலகையோடு போனோம், நான், அவன், கொலுசுப் பட்டறைக்காரன். மலைப்பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவு. பலகை என் மடியில், நான் சீட்டில் இருந்த நேரம் குறைவு. காப்பிப் பழம் பறிக்கும் பருவம், தோல் உரிக்கும் மெஷினிலிருந்து புளித்த வாசம் ஜன்னல் வழியாக வந்துகொண்டிருந்தது. மிளகுக் கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்களைப் பார்க்கவா, வாந்தியை அடக்கவா என்று இருந்தவன் பலகையைக் கவனிக்கவில்லை. சைக்கிள் பல்பு திருகுவது இல்லையா, குலுங்கக் குலுங்கக் கழன்று வந்திருக்கிறது. மேலே போய்ப் பார்த்தால் மூன்று கட்டை பல்பைக் காணோம். பஸ் தரையில் உருண்டு யாரோ செருப்பில் நசுங்கிக் கிடந்தது.

மலையில் சைக்கிள் கடைக்கு எங்கே போவது? மிதிக்கவும் முடியாது, இறங்கினால் நிற்கவும் முடியாது என்று அங்கே யார் சைக்கிள் வைத்திருக்கப் போகிறார்கள்? எங்கள் கண்ணில் ஒரு கடையும் படவில்லை. வேறு பல்பைக் கழற்றி இங்கே போட்டால் அங்கே இருட்டு. அப்படியே ஆரம்பித்தோம்.

ஒரு கட்டை மேஜரை அமுக்கினேன். ஒன்றும் ஐந்தும் எரிந்தது, நடுவில் இருட்டு. அவன் விரல் நடுவில் அந்தரத்தில் நின்றது. முதலில் இரண்டரையில் வைத்தான். சர்ச்சில் இருந்த பிள்ளைகள் முகம் சுருங்கிற்று. பண்டிகைப் பாட்டு திடீரென்று துக்க வீடு மாதிரி ஆகிவிட்டது. மூன்றுக்கு நகர்த்தினான். வெளிச்சமே வந்த மாதிரி இருந்தது. மூன்று கட்டை இன்னும் இரண்டு கார்டில் வரும், ஆறு மைனரில் உச்சியில், மூன்று மைனரில் அடியில். அந்த மூன்று கார்டு வரும்போதெல்லாம் அவன் பலகையிலிருந்து கண்ணை எடுத்துக் காதைத் தீட்டிக்கொண்டான். மறுநாள் அந்த மூன்றைத்தான் அவன் பார்க்காமலே வாசித்தான். மற்ற நாலுக்கும் பல்பு கேட்டான்.

ஜனவரியில் சாரிடம் சொன்னோம். பல்பு தொலைத்ததற்குத் திட்டுவார் என்று நினைத்தோம். "புதுசு வாங்காதீங்க" என்றார். அதற்குப் பிறகு வாரத்துக்கு ஒரு பல்பைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். எதைக் கழற்றினார் என்று சொல்லவும் மாட்டார். இரண்டு மாதத்தில் பலகை அலமாரி மேல் ஏறிவிட்டது.

1985 வாக்கில் ஒருவனின் மாமா துபாயிலிருந்து சின்ன காசியோ கொண்டுவந்தார். காசியோவின் முதல் கீபோர்டே 1980இல்தான் வந்தது என்பதால் சேலத்தில் அது பெரிய அதிசயம். இடது பக்கம் ஒரு விரல் வைத்தால் முழு மேஜர் கார்டும் தாளத்தோடு கிளம்பும். வலப்பக்கம் இன்னொரு கட்டையைச் சேர்த்தால் மைனர், இரண்டைச் சேர்த்தால் செவன்த். எந்தக் கட்டை என்று கணக்கில்லை, எத்தனை கட்டை என்பதுதான் கணக்கு. சார் அதைக் கொஞ்ச நேரம் வாசித்துப் பார்த்துவிட்டு, "இது சமைச்சுப் போடுது, சமையல் சொல்லித் தரல" என்று திருப்பிக் கொடுத்தார். கொஞ்சம் பொறாமையும் இருந்திருக்கும். எங்கள் பலகைக்குச் சத்தமே வராதே.

சிட்னிக்கு வந்த பிறகு பழைய சாமான் கடையில் சுசுகி கம்பெனியின் ஆம்னிகார்டைப் பார்த்தேன். 1981இல் வந்த கருவி. மேஜர், மைனர், செவன்த் என்று மூன்று வரிசையில் 27 பொத்தான், தடவினால் வீணை மாதிரி ஒலிக்கும் ஒரு பட்டை. நாங்கள் ஒயர் இழுப்பதற்கு இரண்டு வருஷம் முந்தியே ஜப்பானில் பொத்தானுக்கொரு கார்டு வந்துவிட்டது. கடையிலேயே சிரித்துவிட்டேன். மகளுக்கு வாங்கிய யமஹாவிலும் ஒரு விரல் வசதி உண்டு. ஆனால் அதில் மைனருக்கு இடப்பக்கத்துக் கறுப்புக் கட்டையைச் சேர்க்க வேண்டும், செவன்த்துக்கு இடப்பக்கத்து வெள்ளை. காசியோவில் வலம் போன விரல் இதில் இடம் போக வேண்டும். காசியோவில் பழகியவன் கை யமஹாவில் எதற்கு உதவும்? இப்போது கட்டையே ஒளிரும் கீபோர்டு வந்துவிட்டது. மைக்கில் கேட்டுத் தப்பைச் சொல்லும் செல்போன் ஆப் வந்துவிட்டது. நல்லதுதான். மகள் அவற்றில் மூன்று மாதத்தில் வாசித்ததை எங்கள் ஆள் ஒரு வருஷத்தில் வாசித்தான். ஆனால் ஒரு நாள் விளக்கை அணைத்துவிட்டு, "இப்ப வாசிம்மா" என்றேன். "லைட் போடுங்கப்பா" என்றாள்.

வரும் ஆண்டுக் கூட்டத்துக்குப் பலகை ஒன்று செய்துகொண்டிருக்கிறேன். எல்.இ.டி., புரோகிராம் எழுதிப் போடும் அர்டுயினோ போர்டு. டையோடு 22 வேண்டாம், நாலு மூன்று, மூன்று நாலு என்று இரண்டு வரி எழுதினால் பன்னிரண்டு கட்டைக்கும் எல்லா மேஜரும் மைனரும் வந்துவிடுகிறது. பலகையின் பின்புறம் ஒரு சுவிட்ச் வைத்திருக்கிறேன். அதைப் போட்டால் ஏதாவது ஒரு விளக்கு எரியாது, எதுவென்று எனக்கே தெரியாது.

ஏற்காட்டுக்காரன் டொராண்டோவிலிருந்து வருவதாகச் சொல்லியிருக்கிறான். பல்பு கழன்றது பதினாலாவது வளைவில் என்று நாற்பது வருஷமாகச் சாதிக்கிறான். பதினேழு. பலகை என் மடியில்தான் இருந்தது.