புள்ளி மட்டும் இருந்த வாசல்

25.11.2024, திங்கள்

டாக்டர் மூன்று தடவை கேட்டார். "கடைசியா உங்க அம்மா நல்லா இருந்ததை யார் பார்த்தது? எத்தனை மணிக்கு?" ஆறேகாலுக்கு என்றேன். அது நடையில் விழுந்து கிடந்ததைப் பார்த்த நேரம். நல்லபடியாகப் பார்த்தது முந்தின ராத்திரி பத்து மணிக்கு, மாத்திரை கொடுக்கும்போது. நடுவில் எட்டேகால் மணி நேரம். மூளை ரத்தக்குழாயின் அடைப்பைக் கரைக்கிற ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. போடவில்லை.

இதெல்லாம் நேற்று. இன்றைக்குத்தான் ஞாபகம் வருகிறது: வாசலில் புள்ளி இருந்தது. தண்ணீர் தெளித்து, ஈரம் காய்வதற்குள் வைத்த புள்ளி. ஸ்டிரெச்சருக்கு வழிவிட்டு நான் அதை மிதித்துக்கொண்டு போனேன்.

டாக்டரிடம் சொல்லவில்லை.

27.11.2024, புதன்

மழை. அம்மா கண் திறந்தாள். என்னைப் பார்த்து "அதான்" என்றாள்.

28.11.2024, வியாழன்

எல்லாவற்றுக்கும் "அதான்". தண்ணீர் வேண்டுமா, அதான். நான் யார், அதான். வலிக்குதா என்றால் அதான் என்று சொல்லி அழுகிறாள். ஆனால் ஒவ்வொரு அதானும் ஒரு ராகத்தில் வருகிறது. கேள்வி, கோபம், கெஞ்சல் எல்லாம் அந்த மூன்று எழுத்துக்குள் இருக்கிறது. நான்தான் பிரித்துப் படிக்கத் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

மதியம் மருந்துச்சீட்டின் பின்பக்கத்தில் அம்மாவின் வலக்கையை வரைந்தேன். ஏன் என்று தெரியவில்லை. கையில் பேனா இருந்தது, எதிரே அந்தக் கை இருந்தது. வரைந்த பிறகுதான் கட்டைவிரல் உள்ளங்கைக்குள் மடங்கியிருப்பதைப் பார்த்தேன். நாலு நாளாக அந்தக் கையைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

30.11.2024, சனி, இரவு

ஜன்னல் கண்ணாடி விம்மி விம்மி அடங்குகிறது. கரன்ட் போய் ஜெனரேட்டர் ஓடுகிறது. எங்கள் ரெயின்போ நகர் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் என்று எதிர்வீட்டு அக்கா போன் பண்ணினார். பிறகு லைன் கிடைக்கவில்லை. அம்மாவின் கோல நோட்டெல்லாம் மர அலமாரியில் கீழ்த்தட்டில் இருக்கிறது.

1.12.2024, ஞாயிறு

புயலில் புதுச்சேரிக்கு 46 சென்டிமீட்டர் மழை என்கிறார்கள். ஒரே நாளில்.

4.12.2024, புதன்

வீட்டுக்குப் போனேன். சுவரில் இடுப்புக்குக் கீழே பழுப்பாக ஒரு கோடு, நூல் பிடித்தது போல. ஃபிரிட்ஜ் மல்லாந்து கிடந்தது. அதையெல்லாம் தாண்டி நேராக அலமாரிக்குத்தான் போனேன்.

பதினொரு நோட்டு. கட்டம் போட்ட கணக்கு நோட்டுகள், இரண்டு பழைய டைரி. ஊறிப்போய் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. அவசரப்பட்டுப் பிரித்ததில் முதல் நோட்டு கிழிந்தது. அதன் பிறகு ஒவ்வொரு தாளுக்கும் நடுவில் பழைய செய்தித்தாளைச் செருகி மாடியில் ஃபேனுக்கு அடியில் பரப்பினேன். அம்மா எப்போதும் புள்ளியை நீல பால்பாயின்ட் பேனாவில் வைப்பாள், கோட்டை ஸ்கெட்ச் பேனாவில் இழுப்பாள். பால்பாயின்ட் மை எண்ணெய் மை, தண்ணீருக்கு அசையவில்லை. ஸ்கெட்ச் பேனா கரைந்து தாள் முழுவதும் ரோஜா நிறமாகவும் பச்சையாகவும் பரவிவிட்டது. பக்கத்துக்குப் பக்கம் புள்ளி மட்டும் நிற்கிறது.

அந்த ஈரத்தரையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

5.12.2024, வியாழன்

ஒரு பக்கத்தின் அடியில் 14253. வேறொன்றும் எழுதவில்லை.

7.12.2024, சனி

14253 என்ன எண்? காஸ் புத்தகத்தில் பார்த்தேன், பாங்கு பாஸ்புக்கில் பார்த்தேன், அப்பாவின் பென்ஷன் தாளில் பார்த்தேன். இல்லை. கடலூர் பெரியம்மாவுக்கும் தெரியவில்லை. அம்மாவிடமே நோட்டைக் காட்டலாம் என்றால், காய்வதற்கு முன்னால் எடுத்துக்கொண்டு வர முடியாது.

கை: நடுவிரலில் வீக்கம் குறைந்திருக்கிறது. கட்டைவிரல் அப்படியே.

10.12.2024, செவ்வாய்

வீட்டுக்குக் கூட்டி வந்தாயிற்று. மாடி அறையில். மூக்குக் குழாயோடு.

11.12.2024, புதன்

காய்ந்த நோட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன். அம்மா டைரி எழுதினதில்லை என்றுதான் இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். பக்க ஓரத்தில் தேதி போட்டிருக்கிறாள். அதற்குப் பக்கத்தில் நாலு வார்த்தை. "தண்ணி வரல." "தம்பிக்கு அம்மை இறங்கிடுச்சு." "கனகாம்பரம் முழம் 15." அழுதேன், பயந்தேன் என்று எங்கேயும் இல்லை. அன்றைக்கு என்ன கோலம், எத்தனை புள்ளி. அவ்வளவுதான்.

பிறகு 2011 நோட்டு. அப்பா ஆவணியில் போனார். அந்த வருஷம் முழுக்க எங்கள் வாசலில் கோலம் கிடையாது, தண்ணீர் தெளிப்பதோடு சரி. பொங்கலும் வரவில்லை. அம்மா அந்த ஒரு வருஷம் கோலமாவைத் தொடவே இல்லை என்று நான் யாரிடம் வேண்டுமானாலும் சத்தியம் பண்ணியிருப்பேன். நோட்டில் ஒரு நாள் விடாமல் இருக்கிறது. பதினாறாம் நாள் காரியத்துக்கு மறுநாளிலிருந்து. எல்லாம் பெரிய கோலம், 15 புள்ளி இடுக்குப்புள்ளி, 8 வரை. நடுவரிசையில் 15, இரண்டு பக்கமும் ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டே போனால் மொத்தம் 169 புள்ளி. தினமும் 169. எந்நேரம் போட்டாள்? நான் அடுத்த அறையில்தானே படுத்திருந்தேன்.

30.12.2011 பக்கத்தில் ஓரமாக: "புயல். வேப்பமரம் விழுந்துட்டுது. இருட்டுல போட்டது." 'தானே' புயல் கரையைக் கடந்த நாள். புள்ளிகள் கோணலாக இருக்கின்றன. 169 இருக்கிறதா என்று எண்ணினேன். இருந்தது.

13.12.2024, வெள்ளி

தீபம். மாடிப்படியில் ஒரே ஒரு அகல்.

16.12.2024, திங்கள்

மார்கழி 1. நாலரைக்கே விழிப்பு வந்துவிட்டது. வாசல் தெளித்தேன். 7 புள்ளி, 4 வரை. சின்னதுதான், 37 புள்ளி. கோடு இழுக்கும்போது மாவு திட்டுத் திட்டாக விழுகிறது. சிக்குக்கோலத்தில் புள்ளியைத் தொடாமல் சுற்றி வளைத்துக்கொண்டு போய்ப் புறப்பட்ட இடத்துக்கே வர வேண்டும். எனக்கு இரண்டு இடத்தில் கோடு செத்துப்போனது. துடைத்துவிட்டு மறுபடி போட்டேன், மறுபடியும் அப்படியே. புள்ளி வைக்க இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. அன்றைக்கு அம்மா எத்தனை மணிக்கு வைத்திருப்பாள் என்று கணக்குப் போட்டுக்கொண்டே போட்டால் கோடு எப்படி வரும்.

18.12.2024, புதன்

பால்காரரிடம் கேட்டேவிட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. "அஞ்சு இருவதுக்கும்மா. பாக்கெட்டைப் படியில வெச்சேன். புள்ளி வெச்சிருந்தாங்க, கதவு தெறந்திருந்துச்சு. மாவு எடுக்க உள்ள போயிருக்காங்கன்னு நெனச்சேன்."

ஐந்து மணிவாக்கில் நன்றாக இருந்திருக்கிறாள். நாங்கள் ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தது ஏழு ஐந்துக்கு. நாலரை மணி நேரத்தில் பாதிகூடப் போயிருக்கவில்லை. ஈரத்தரையில் இருந்த அந்தப் புள்ளிகளை நான் வாய்விட்டுச் சொல்லியிருந்தால் போதும். அம்மா நேரத்தை எழுதி வைத்துவிட்டுத்தான் விழுந்திருக்கிறாள். நான் அதைப் படிக்கவில்லை.

தம்பியிடம் சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன். துபாயில் இருந்துகொண்டு அவன் படித்தால் படிக்கட்டும்.

19.12.2024, வியாழன்

எழுதப் பிடிக்கவில்லை. கையை மட்டும் வரைந்தேன்.

22.12.2024, ஞாயிறு

ராத்திரிகளில் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் புரட்டுகிறேன். இதே ஊரில், இங்கிருந்து நடந்து போகிற தூரத்தில் இருந்த மனிதர், பிரெஞ்சுக்காரர்களுக்கு மொழிபெயர்ப்பாளர். 1736இல் ஆரம்பித்து 1761 வரை, 25 வருஷம். எந்தக் கப்பல் வந்தது, என்ன சரக்கு, துரை என்ன சொன்னார், நாம் என்ன சொன்னோம். பள்ளிக்கூடத்தில் அதைச் சரித்திரம் என்று சொல்லிக் கொடுத்தார்கள். இப்போது படித்தால் வேறு மாதிரி இருக்கிறது. ஒருவர் நாள் முழுக்க அடுத்தவர் பேச்சை மொழிபெயர்த்துவிட்டு வீட்டுக்கு வந்து தனக்கென்று நாலு வரி எழுதுகிறார். விலையும் நேரமும் எழுதுகிறவர்களுக்கு மனசு இல்லை என்று நினைத்திருந்தேன். கனகாம்பரம் முழம் 15 என்று எழுதின அம்மாவையும் அப்படித்தான் நினைத்தேன்.

24.12.2024, செவ்வாய்

டாக்டரிடம் கேட்க வேண்டியவை என்று எழுதி வைத்தேன். 1. மாத்திரை அளவு. 2. எப்போது குழாயை எடுக்கலாம். 3. அந்த ஊசி அன்றைக்குப் போட்டிருந்தால். மூன்றாவதை அடித்துவிட்டேன். திரும்ப எழுதினேன். அடித்தேன்.

27.12.2024, வெள்ளி

குழாயை எடுத்துவிட்டார்கள். இரண்டு ஸ்பூன் கஞ்சி. மூன்றாவதைக் கேட்கவில்லை.

28.12.2024, சனி

1861இல் பாரிஸில் பால் புரோக்கா என்கிற டாக்டரிடம் ஒரு நோயாளி வந்திருக்கிறார். மற்றவர்கள் சொல்வது புரியும், ஆனால் அவர் வாயிலிருந்து வந்தது ஒரே சத்தம்: டான். ஆஸ்பத்திரியில் அவர் பெயரே டான் ஆகிவிட்டது. இறந்த பிறகு மூளையைப் பார்த்தபோது இடப்பக்கம் முன்பகுதியில் சேதம் இருந்தது. பேச்சின் இடம் அது என்று உலகம் தெரிந்துகொண்டது அவரால்தான்.

டான். அதான். ராத்திரி இரண்டு மணிக்கு இதைப் படித்துவிட்டுத் தூங்கவில்லை. அந்த மனிதர் எத்தனை விதமாக அதைச் சொல்லியிருப்பார்? யாராவது கேட்டு எழுதி வைத்தார்களா?

1.1.2025, புதன்

1761இல் இதே நாள் புதுச்சேரிக் கடலில் புயல். ஊரை முற்றுகையிட்டிருந்த ஆங்கிலேயரின் கப்பல்கள் சில அதில் மூழ்கின. முற்றுகை விலகவில்லை, அந்த மாதத்திலேயே ஊர் விழுந்தது. ஆனந்தரங்கப் பிள்ளையும் அந்த மாதத்திலேயே போய்விட்டார். எழுதிக்கொண்டிருந்த கை எந்த வரியில் நின்றது என்பதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. கடைசித் தொகுதியைத் திறக்காமல் வைத்துவிட்டேன்.

6.1.2025, திங்கள்

இன்றைக்கு ஒன்று நடந்தது.

பயிற்சி கொடுக்க வருகிறவர், வலக்கையைத் தூக்கி இறக்கும்போது எண்ணச் சொன்னார். நான்தான் எண்ணினேன். ஒண்ணு, ரெண்டு. மூணு என்று சொன்னது நான் இல்லை. அம்மா. நாலு, அஞ்சு, ஆறு, சுத்தமாக, குழறாமல், பத்து வரை. பிறகு அவளே திகைத்துப்போய் என்னைப் பார்த்து "அதான்?" என்றாள்.

வரிசையாக மனப்பாடம் ஆனது வேறு வழியில் வருமாம். எண்ணிக்கை, கிழமை, பாட்டு. யோசித்துச் சொல்ல வேண்டியதுதான் இந்த வழியில் அடைபட்டுக் கிடக்கிறது. பழைய பாட்டு ஏதாவது பாடிப் பாருங்க அக்கா என்றார். அம்மா பாடி நான் கேட்டதே இல்லை. அவளுக்கு மனப்பாடம் ஆனதெல்லாம் புள்ளிதான்.

கை: இன்றைக்கு வரையவில்லை. என் கை நடுங்கிக்கொண்டிருந்தது.

8.1.2025, புதன்

7 புள்ளி 4 வரை நோட்டில் போட்டுக் காட்டினேன். ஒவ்வொரு வரிசையாக எண்ணிக்கொண்டே வந்தாள். கடைசி வரிசையில் வேண்டுமென்றே ஒரு புள்ளியை விட்டேன். பேனாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், இடக்கையால் தட்டினாள். அதட்டலான ஒரு அதான். எனக்கு ஏழு வயசில் விழுந்த அதே அதட்டல்.

10.1.2025, வெள்ளி

வைகுண்ட ஏகாதசி. சாமி மாடத்தைத் துடைத்து விளக்கேற்றினேன். அம்மாவை நாற்காலியில் கொண்டுவந்து எதிரே உட்கார வைத்தேன். மடியில் அந்த நோட்டு. பக்கம் பக்கமாகத் திருப்பிக்கொண்டே வந்தேன். வெறும் புள்ளி, ரோஜாக் கறை, வெறும் புள்ளி. அவள் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் வந்தது.

இத்தனை நாள் நான் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். மேலே இருந்த புள்ளிகளைப் பார்க்கவே இல்லை. நடுவில் ஒரு புள்ளி. அதிலிருந்து எட்டுத் திசைக்கும் ஐந்தைந்து புள்ளி.

அம்மா இடக்கை ஆள்காட்டி விரலை முதல் வரிசையில் உள்புள்ளியில் வைத்தாள். "ஒண்ணு." அடுத்த வரிசைக்கு விரல் போனது. "நாலு." அதற்கடுத்தது. "ரெண்டு." "அஞ்சு." "மூணு." திரும்ப "ஒண்ணு".

ஹ்ருதய கமலம். வெள்ளிக்கிழமை சாமி முன்னால் போடுகிறது. முதல் வரிசையில் ஒன்றாம் புள்ளி, அடுத்ததில் நாலாவது, அதற்கடுத்ததில் இரண்டாவது, ஐந்தாவது, மூன்றாவது. 1 4 2 5 3. அதையே சொல்லிக்கொண்டு சுற்றிச் சுற்றி வர வேண்டும். கோடெல்லாம் புயல் தண்ணீரில் போய்விட்டது, வழி மட்டும் தாளில் நின்றிருக்கிறது.

விரல் இரண்டாவது சுற்றில் களைத்துப்போய் நோட்டின் மேல் சாய்ந்தது. நான் பிடித்துக்கொண்டேன்.

11.1.2025, சனி

உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். எட்டு வரிசை, ஐந்து நிலை. எட்டுக்கும் ஐந்துக்கும் பொது வகுஎண் இல்லாததால் 40 புள்ளியையும் ஒரு தடவை தொடாமல் கோடு தொடங்கின இடத்துக்குத் திரும்பாது. தாம்பரம் கிறித்துவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி 1970களில் கோலத்துக்கு இலக்கணம் எழுதினார் என்று தெரியும். அம்மா எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை நிறுத்தினவள். ஐந்து எண்ணில் எழுதி வைத்திருக்கிறாள்.

யாருக்காக எழுதி வைத்தாள் என்பதுதான் ராத்திரி முழுக்க. அவளுக்கு அது மறக்காது. மறக்கவில்லையே.

பக்க ஓரத்தில் தேதி கரைந்துபோய் மாதம் மட்டும் தெரிகிறது.

12.1.2025, ஞாயிறு

தம்பி போன் பண்ணினான். படித்துவிட்டானாம். ரொம்ப நேரம் பேசவில்லை. "அக்கா, நான் இருந்திருந்தாலும் மிதிச்சுக்கிட்டுத்தான் போயிருப்பேன்" என்றான். இன்னும் கொஞ்ச நேரம் லைனிலேயே இருந்தான்.

கை: கட்டைவிரல் வெளியே வந்திருக்கிறது. ஒரு நெல்லளவு. நவம்பர் 28ஆம் தேதி மருந்துச்சீட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

13.1.2025, திங்கள்

போகி. நனைந்து வீணானதையெல்லாம் தெருவில் கொளுத்துகிறார்கள். எதிர்வீட்டு அக்கா அந்தக் கிழிந்த நோட்டைக் கேட்டார். கொடுக்கவில்லை.

14.1.2025, செவ்வாய்

காலை 4.50. எனக்கு முன்னால் அம்மா எழுந்து உட்கார்ந்திருக்கிறாள். மாடிப்படியைக் காட்டுகிறாள், மாவு டப்பாவைக் காட்டுகிறாள். கீழே இறக்க ஆள் வேண்டும், எதிர்வீட்டு அண்ணனைக் கூப்பிடப் போகிறேன். வாசல் தெளித்தாயிற்று, ஈரம் காய்வதற்குள்