ஒன்பது பந்துதான் வித்தியாசம்

ஒவ்வொரு ஜூன் மாதமும் அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவின் டிராஃப்டுக்கு, அதாவது அணிகள் புது ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நாளுக்கு, முந்தின ராத்திரி உட்கார்ந்து, என் கணக்குப்படி முதல் முப்பது பேரை வரிசையாக ஒரு நோட்டில் எழுதி வைப்பேன். யாரும் கேட்டதில்லை, யாருக்கும் காட்டியதும் இல்லை. மூன்று நான்கு வருஷம் கழித்து நானே எடுத்துப் படிப்பதற்காகத்தான். படித்தால் பெரும்பாலும் வெட்கமாக இருக்கும். 2018 பக்கத்தில், பின்னால் பெரிய நட்சத்திரமான லூகா டான்சிச் பெயருக்கு எதிரே "கால் வேகம் போதாது, அங்கே போய்த் திணறுவான்" என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது. பத்தொன்பது வயதில் ஐரோப்பாவின் பெரிய போட்டியான யூரோலீக்கின் சிறந்த ஆட்டக்காரர் விருதை வாங்கிவிட்டு வந்து நின்ற பையனைப் பற்றி எழுதிய வரி அது! ஒரே ஆறுதல், அந்த வருஷம் முதல் இரண்டு இடத்தில் ஏட்டனையும் பேக்லியையும் எடுத்த ஃபீனிக்ஸ், சாக்ரமெண்டோ அணிகளும் சம்பளம் கொடுத்து ஆள் வைத்துத்தான் அந்த முடிவுக்கு வந்தார்கள். நான் இலவசமாகத் தப்பு செய்தேன்.

நோட்டை முழுசாகப் புரட்டினால் என் தப்புகள் பெரும்பாலும் ஒரே ஜாதி என்று தெரிகிறது. கண்ணுக்கு அழகாகத் தெரிந்ததை நம்பியிருக்கிறேன், பார்க்கச் சலிப்பாக இருந்ததை ஒதுக்கியிருக்கிறேன்.

ஷூட்டிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். டிராஃப்ட் சமயத்தில் எல்லாரும் முதலில் பார்ப்பது கல்லூரியில் மூன்று பாயிண்ட் ஷாட் (தூரத்தில் இருக்கும் ஒரு கோட்டுக்கு வெளியிலிருந்து போடுவது) எத்தனை சதவீதம் விழுந்தது என்பதைத்தான். ஒரு பையன் ஒரு சீசனில் 150 ஷாட் போடுகிறான் என்று வைத்துக்கொள்வோம். அதில் 50 விழுந்தால் 33 சதவீதம், உடனே "ஷூட்டிங் சந்தேகம்" என்று எழுதிவிடுவார்கள். 59 விழுந்தால் 39 சதவீதம், அதே பையன் "நம்பகமான ஷூட்டர்" ஆகிவிடுவான், பத்து இடம் மேலே ஏறுவான். நடுவில் இருப்பது ஒன்பது பந்து. நவம்பரில் ஆரம்பித்து மார்ச் வரைக்கும் ஆடியதில் ரிங்கைச் சுற்றிச் சுற்றி வந்து உள்ளே விழுந்ததும் வெளியே போனதுமாக ஒன்பது பந்து! அதுவும் கல்லூரிக் கோடு 22 அடிக்குக் கொஞ்சம் மேலே, என்பிஏவில் நடுவில் 23 அடி 9 அங்குலம். அங்கே போட்டவன் இங்கேயும் போடுவான் என்று அதை மட்டும் வைத்து எப்படிச் சொல்வது?

ஃப்ரீ த்ரோ, அதாவது எதிராளி ஃபவுல் செய்ததற்காகக் கிடைக்கும் ஷாட், அப்படி இல்லை. எங்கே ஆடினாலும் அதே 15 அடி, எதிரில் கையை நீட்டிக்கொண்டு யாரும் நிற்பதில்லை, யார் பாஸ் கொடுத்தார்கள் எந்த மூலையிலிருந்து போட்டான் என்ற கதையே கிடையாது. அவன் கை மட்டும்தான். பார்க்க ரொம்பச் சலிப்பான விஷயம், அதனாலேயே ஹைலைட் வீடியோவில் ஒருநாளும் வராது. 2017-ல் மார்கெல் ஃபுல்ட்ஸை நான் கண்ணை மூடிக்கொண்டு முதலிடத்தில் எழுதினேன். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஆடிய 25 ஆட்டத்தில் மூன்று பாயிண்ட் 41 சதவீதம், துள்ளி எழுந்து பின்னால் சாய்ந்து போடும் ஷாட் அவ்வளவு லட்சணம். ஃப்ரீ த்ரோ 65 சதவீதம்தான் என்பதையும் அதே பக்கத்தில் குறித்திருக்கிறேன், பக்கத்தில் "சரியாகிவிடும்" என்று போட்டிருக்கிறேன். ஃபிலடெல்ஃபியாவும் அப்படித்தான் நினைத்தது போல, பாஸ்டனிடம் மூன்றாம் இடத்தோடு பின்னால் வரும் ஒரு முதல் சுற்றுத் தேர்வையும் சேர்த்துக் கொடுத்து முதலிடத்தை வாங்கி அவரை எடுத்தது. பாஸ்டன் மூன்றாம் இடத்தில் சாவகாசமாக, பின்னால் அவர்களின் நட்சத்திரமான ஜேசன் டேட்டமை எடுத்துக்கொண்டது. ஃபுல்ட்ஸின் ஷாட்டோ என்பிஏவுக்குப் போனதும் கெட்டுப்போனது. நியாயமாகச் சொன்னால் அவருடைய தோள் பக்க நரம்பில் கோளாறு என்று பிறகு கண்டுபிடித்தார்கள், எல்லாப் பழியையும் அந்த 65 மேல் போட முடியாது. ஆனாலும் அந்த எண் கண்ணெதிரே இருந்தது, நான்தான் மேலே பேனாவால் சமாதானம் எழுதினேன்.

இதற்கு நேர் எதிர்ப்பக்கம் டைரீஸ் ஹாலிபர்ட்டன். பந்தை நெஞ்சுக்குப் பக்கத்திலிருந்து தள்ளிவிடுகிற மாதிரி ஒரு ஷாட், பார்த்தால் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லையோ என்று தோன்றும். ஆனால் விழும். ஐயோவா ஸ்டேட்டில் கடைசி சீசனில் மூன்று பாயிண்ட் 40-க்கு மேல், ஃப்ரீ த்ரோ 80-க்கு மேல். 2020-ல் பன்னிரண்டாவது ஆளாகப் போனார். 2025-ல் இந்தியானாவை இறுதிச் சுற்று வரைக்கும் கொண்டுபோனது அந்தக் கோணல் ஷாட்தான்.

கவாய் லெனர்ட் கதையும் இதே வகைதான். சான் டியகோ ஸ்டேட்டில் மூன்று பாயிண்ட் 30 சதவீதத்துக்கும் கீழே, ஆனால் ஃப்ரீ த்ரோ நான்கில் மூன்று விழுந்துகொண்டிருந்தது. கை கெட்டுப்போகவில்லை, முறைதான் சரியில்லை. 2011-ல் பதினைந்தாவது இடத்தில் இந்தியானா எடுத்து அன்றைக்கே சான் அன்டோனியோவுக்கு மாற்றிவிட்டது, அங்கே சிப் எங்கல்லாண்ட் என்ற ஷூட்டிங் பயிற்சியாளர் உட்கார்ந்திருந்தார், அவர்தான் அந்த ஷாட்டைச் சரிசெய்தார். வேறு ஏதாவது ஒரு ஊருக்குப் போயிருந்தால் இதே லெனர்ட் கிடைத்திருப்பாரா என்று எனக்குச் சந்தேகம்தான். டிராஃப்டில் ஒருவனை மதிப்பிடும்போது அவன் போகப்போகும் இடத்தையும் சேர்த்து மதிப்பிட வேண்டியிருக்கிறது, அது நமக்குக் கடைசி நிமிஷம் வரை தெரியாது.

அப்புறம் இந்தக் கம்பைன், டிராஃப்டுக்கு முன்னால் நடக்கும் உடல் சோதனை முகாம். உயரம், கை விரித்த நீளம், நின்றபடி கை எட்டும் உயரம், எம்பும் உயரம், ஓட்டம் என்று எல்லாவற்றையும் அளந்து போடுவார்கள், நானும் ஆசையாகப் படிப்பேன். 2007-ல் கெவின் டுராண்டால் 185 பவுண்டு எடையை ஒரு தடவைகூட தூக்க முடியவில்லை என்பது பெரிய செய்தி. முதலிடம் கிரெக் ஓடனுக்குப் போனது, பாவம் முழங்கால் விடவில்லை, மொத்தமே 105 ஆட்டம்தான். டுராண்ட் எத்தனை வருஷமாக யார் தலைக்கு மேலே போட்டுக்கொண்டிருக்கிறார் என்று உங்களுக்கே தெரியும். அதற்காக அளவெல்லாம் வீண் என்று சொல்லவில்லை. கை நீளத்தை நான் நம்புகிறேன். லெனர்டுக்கு உயரம் 6 அடி 7 அங்குலம், கையை விரித்தால் 7 அடி 3 அங்குலம். சாப்பிட்டு எடை ஏற்றலாம், ஜிம்முக்குப் போய்த் தசை ஏற்றலாம், கையை நீட்டிக்க ஒரு வழியும் இல்லை.

எதிராளி யாரும் இல்லாமல் ஒருவன் மட்டும் ஆடிக் காட்டும் தனி ஒர்க்கவுட்டை மட்டும் நான் கணக்கிலேயே எடுப்பதில்லை. அதே 2007-ல் யி ஜியான்லியன் ஒரு நாற்காலியை எதிராளியாக வைத்துப் பயிற்சி காட்டினார் என்று ஊரெல்லாம் கேலி பேசினார்கள், ஆறாவது இடத்தில் மில்வாக்கி எடுத்தது. நாற்காலி டபுள் டீம் பண்ணாது, அதாவது இன்னொரு ஆளோடு சேர்ந்து வந்து மறிக்காது, சரிதானே.

வயசு பற்றி ஒன்று. பத்தொன்பது வயதுக்காரன் வளருவான், இருபத்திரண்டு வயதுக்காரன் அவ்வளவுதான் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. பாதி உண்மை. உடம்பு முற்றியவன் பதினெட்டு வயதுப் பையன்களை முட்டித் தள்ளிப் புள்ளி எடுப்பதைப் பார்த்து மயங்கக்கூடாது. ஆனால் இன்றைக்கு நட்சத்திரமாக இருக்கும் ஜேலன் பிரன்சன் வில்லனோவா பல்கலைக்கழகத்துக்காக இரண்டு தேசியப் பட்டம் வாங்கி, 2018-ல் கல்லூரி அளவில் நாட்டின் சிறந்த ஆட்டக்காரர் என்ற பெயரும் வாங்கிவிட்டு வந்தும் 33-வது இடம் வரை காத்திருந்தார். குள்ளம், வயசு 21. (என் நோட்டில் 29. பெருமைப்பட ஒன்றும் இல்லை.)

இப்போது நான் ஆட்டம் பார்க்கும் விதத்தை மாற்றிக்கொண்டேன். சத்தத்தை அணைத்துவிட்டு, முதல் பாதி முழுக்க ஒரே ஒருவனை மட்டும் பார்ப்பது, பந்து எங்கே போனாலும் சரி. பின்னால் என்பிஏவின் சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கிய நிகோலா யோகிச்சை 2014-ல் 41-வது ஆளாக எடுத்தபோது டிவியில் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்ததாம். குண்டுப் பையன், எம்பத் தெரியாது என்றார்கள், பந்து கைக்கு வருவதற்கு முன்பே அடுத்த பாஸ் எங்கே என்று அவர் கண் பார்த்துவிடுவதை எந்த அளவுநாடாவும் பிடிக்காது. அந்த மாதிரி எதையாவது பிடிக்கத்தான் இந்தக் கிறுக்குத்தனம்.

போன வாரம் அப்படி ஒரு பையனைப் பார்த்தேன், பெயர் வேண்டாம், கெட்ட ராசி எனக்கு. மூலையில், தான் மறிக்க வேண்டிய எதிராளியின் பக்கத்தில் நிற்கிறான். எதிர்ப்பக்கம் பிக் அண்ட் ரோல் ஆரம்பிக்கிறது, அதாவது ஒருவன் குறுக்கே நின்று பந்து வைத்திருப்பவனுக்கு வழிவிட்டுவிட்டு, திரும்பி ரிங்கை நோக்கி ஓடுவது (ரோல்). ரோல் பண்ணுகிறவன் திரும்புவதற்கு முன்பே இவன் இடது காலை ரெண்டடி உள்ளே வைத்துவிட்டான், ஒரு கை மட்டும் பின்னால் நீட்டி மூலை ஆளைத் தொட்டுக்கொண்டே இருக்கிறது. பந்து லாப் ஆக, தலைக்கு மேலே உயரத் தூக்கிப் போட்ட பாஸாக வருகிறது, இவன் அங்கே நிற்பதைப் பார்த்துப் போட்டவனே தடுமாறி, பந்து வெளியே போய்விட்டது. ஸ்கோர் அட்டையில் இவன் பெயரில் ஒன்றும் ஏறாது, எதிரணியின் டர்ன்ஓவர் (பந்தைப் பறிகொடுத்தது), அவ்வளவுதான். அதே பாதியில் இதை மூன்று தடவை செய்தான். நான் எழுந்து போய் நோட்டை எடுத்து, 24-ல் இருந்த அவன் பெயரை அடித்துவிட்டு 11-ல் எழுதினேன்.

மறுநாள் காலையில் ஃப்ரீ த்ரோ பார்த்தேன். 58 சதவீதம். மறுபடி அடித்து 16-ல் போட்டு வைத்திருக்கிறேன், இப்போதைக்குப் பென்சிலில்.