இறங்க மறுத்த டிஃபரன்ஷியல்

அப்பாவின் 1978 அம்பாசடர் நான்கு நாளாக எங்கள் சத்துவாச்சாரி வீட்டு வாசலில் ஸ்டாண்டு மேல் நிற்கிறது. ஆக்சிலேட்டரை விட்டாலே பின்னால் ஊளைச் சத்தம். சரி, பின் சக்கரங்களுக்கு இன்ஜின் விசையைப் பகிர்ந்து தரும் டிஃபரன்ஷியலைப் பிரித்துவிடலாம் என்று இறங்கினேன்.

கியர் ஆயிலை வடித்து, பிரேக் டிரம்மைக் கழற்றி, சக்கரங்களைச் சுழற்றும் இரண்டு பக்க ஆக்சில் ஷாஃப்ட்டையும் வெளியே இழுத்தேன். அவற்றின் முனைகள் உள்ளே பல்சக்கரத்தில் மாட்டியிருக்கும். அவை வராமல் டிஃபரன்ஷியல் அசையாது. கியர்பாக்ஸிலிருந்து வரும் ஜாயின்ட் ஷாஃப்ட்டும் நட்டுகளும் சுலபமாக வந்தன. டிஃபரன்ஷியல் மட்டும் அதன் இரும்புக் கூடான ஹவுசிங்கோடு ஒட்டிக்கொண்டது. முன்பு ஒரு பட்டறையில் எண்ணெய் கசியாமல் இடையில் வைக்கும் பேக்கிங்குக்கு ஷெல்லாக் பசையை அள்ளிப் பூசியிருக்கிறார்கள். எனக்கு ஆத்திரமாக வந்தது.

உளியை எடுத்தபோது பக்கத்துத் தெரு மெக்கானிக் அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டார். "வேணாம் தம்பி, ரெண்டும் சேர்ற முகத்துல கீறல் விழுந்தா ஆயுசுக்கும் ஆயில் ஒழுகும்."

நட்டுகள் மாட்டியிருந்த ஸ்டட் ஆணிகளின் அடியில் துரு நீக்கும் எண்ணெய் விட்டு இரவு முழுக்க ஊறவிட்டோம். காலையில், வேலூர் வெயில் ஏறுமுன், அடியில் ஜாக்கி கொடுத்து, மரக்கட்டை வைத்து இடமும் வலமுமாக மாற்றி மாற்றித் தட்டினோம். அரை மணி நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் கீழ் விளிம்பில் கறுப்பு எண்ணெய் நூல் போல இறங்கியது. அந்த இடைவெளியில் தாள்கூட நுழையாது. ஆனால் வந்துவிடும் என்று தெரிந்துவிட்டது.

நல்ல கனம். இரண்டு பேர் பிடித்துத்தான் சாக்கு மேல் வைத்தோம். உள்ளே இருக்கும் பெரிய பல்சக்கரமான கிரௌனின் பற்கள் சுத்தமாக இருக்கின்றன. அதைச் சுழற்றும் சிறிய பல்சக்கரமான பினியனின் பேரிங்தான் ஆடுகிறது. நாளை பேரிங் வாங்கப் போகிறேன்.